கரப்பான்: ஆயா சொன்னதும் பாரீஸ் சொன்னதும்

கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் அரிக்கிற நோயை இப்போது எல்லோரும் எக்சிமா என்கிறார்கள். நம் பக்கத்தில் அதற்குக் கரப்பான் என்று பெயர். இதைப் படிப்பவர்களில் பலர் தாத்தா பாட்டிகள். உங்கள் வீட்டிலும் ஒரு தலைமுறையிலாவது இந்த நோய் வந்து போயிருக்கும். அதற்காக ஒரு மருமகள் பேச்சு வாங்கியிருக்கவும் கூடும். அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் ஊரோடு நிற்காமல் பாரீஸ் வரைக்கும் போகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்த மருத்துவத்தில் கரப்பான் ஒரே நோய் அல்ல. தலையில் வந்தால் மண்டைக் கரப்பான், சிவந்து வந்தால் செங்கரப்பான், கறுத்துத் தடித்தால் கருங்கரப்பான் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை வைத்தியத்துக்கென்றே பாலவாகடம் என்று தனி நூல் வகை உண்டு. போலீஸ் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே சித்த மருத்துவத்துக்குப் பெரிய அகராதி தொகுத்த டி.வி. சாம்பசிவம் பிள்ளையின் தொகுதிகளைப் புரட்டினால், நம் முன்னோர் தோலை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். வீடுகளில் கை கண்டதாக இருந்தவை அருகம்புல் போட்டுக் காய்ச்சிய தைலமும், சோப்புக்குப் பதில் பயத்தமாவும்.

எக்சிமா என்பது கிரேக்கச் சொல். கொதித்துப் பொங்கி வழிவது என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் அமிதா நகரத்து ஏட்டியஸ் என்ற வைத்தியர் அதை எழுதி வைத்தார். நீர் கசியும் கரப்பானைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

தோல் நோய் தனிப் படிப்பாக வளர்ந்ததில் பாரீஸ் நகரத்து சேன் லூயி மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. கொள்ளை நோய் வந்தால் நோயாளிகளை ஊருக்கு வெளியே வைப்பதற்காக நான்காம் ஹென்றி மன்னர் 1607-ல் கட்டச் சொன்ன இடம் அது. 1801-ல் அதைத் தோல் நோய்களுக்கென்று ஒதுக்கினார்கள். அங்கே வந்து சேர்ந்த ழான் லூயி அலிபேர் என்ற டாக்டர், இடம் போதாததால் முற்றத்து மரத்தடியிலேயே நோயாளிகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாராம். தோல் நோய்களையெல்லாம் கிளையும் இலையுமாக ஒரு மரமாகவே வரைந்து 1829-ல் காட்டினார். பிற்பாடு பாரெத்தா என்ற கைவினைஞர் அங்கே நோயாளிகளின் தோலை அச்செடுத்து மெழுகில் பொம்மைகளாகச் செய்தார். அவர் அதற்கு முன்னால் காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். அந்த மெழுகு உருவங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் அங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் குழந்தைக் கரப்பானுக்கு வைத்த வீட்டுப் பெயர் ‘குரூட் து லே’. பால் பொருக்கு என்று சொல்லலாம். தாயின் பாலில்தான் கோளாறு என்று நினைத்து வைத்த பெயர். இன்னொரு பெயர் ‘கூர்ம்’. குதிரைக் குட்டிக்கு மூக்கில் சளி ஒழுகும் ஒரு நோய்க்கும் அதே பெயர்தான். குட்டிக்கு அது வந்து போனால் உடம்பு சுத்தமாகிவிடும் என்று நம்பினார்கள். குழந்தைக்கும் அதே கணக்கைப் போட்டார்கள். உள்ளே இருக்கும் கெட்ட நீர் தோல் வழியாக வெளியே வருகிறது, வரட்டும், தடுக்காதே, மருந்து போட்டு அடக்கினால் அது உள்ளே திரும்பி நெஞ்சையோ மூளையையோ தாக்கும் என்றார்கள். இது கிராமத்துக் கிழவிகளின் பேச்சு மட்டுமல்ல. படித்த டாக்டர்களும் வெகுகாலம் அப்படியே சொன்னார்கள். ‘ழெத்தே ஸா கூர்ம்’ என்றொரு தொடர் பிரெஞ்சில் இன்றும் இருக்கிறது. வாலிபத்தில் ஆட்டம் போட்டு அடங்குவது என்று இப்போது அதற்கு அர்த்தம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் அந்தத் தொடரை மனப்பாடம் செய்தபோது, அது எங்கள் வீட்டுத் தொட்டிலோடு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஆயாவுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதும் இதே பேச்சுதான். 1958-ல் என் தங்கை பிறந்து மூன்று மாதத்தில் மண்டைக் கரப்பான் வந்தது. “அத அமுக்கிடாதேடி. உள்ள போயி நெஞ்சுல உக்காந்துக்கும். இழுப்பு வந்துடும்” என்று ஆயா என் அம்மாவுக்குக் கட்டளை போட்டார். பிரெஞ்சு முறையில் படித்த வயதான டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் நோயின் பெயரை மட்டும் ‘கூர்ம்’ என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தானாகப் போய்விடும், எதுவும் தொட வேண்டாம் என்று தமிழில் சொன்னாராம். ஆயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைக்காரப் படிப்பும் தன் பக்கம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அதோடு அம்மாவுக்குப் பத்தியம். கத்திரிக்காய், கருவாடு, மல்லாட்டை, மாங்காய், முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று விலக்கப்பட்டன. ரசமும் சுட்ட அப்பளமுமாக எட்டு மாதம் பால் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறிப் போகிற அளவுக்குக் கை மெலிந்தது. குழந்தை சொறிந்து சொறிந்து கன்னத்தில் ரத்தம் கட்டியதைப் பொறுக்க மாட்டாமல், தெரிந்த கம்பவுண்டரிடம் சொல்லி ஒரு சின்ன டப்பாவில் துத்தநாகக் களிம்பு வாங்கி, ஆயா தூங்கும்போது தடவினார். ஒரு நாள் டப்பா ஆயா கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு வயதுக்குள் கரப்பான் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் ஐந்தாவது வயதில், ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரத்தில், தங்கைக்கு முதல் முறையாக இழுப்பு வந்தது. “நான் அப்பவே சொன்னேனே, களிம்பு போட்டு உள்ள தள்ளிட்டியே” என்றார் ஆயா. அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் முப்பது வருஷம் ஓடியது. ஆயா போன பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். கடைசியில் அம்மாவே சொல்லத் தொடங்கிவிட்டார்.

அரசாங்க வேலையில் கோப்பு பார்த்தவன் என்பதால், முடிக்காமல் கிடக்கும் குற்றச்சாட்டு எனக்கு உறுத்தும். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஆயா கண்ணால் கண்டது பொய்யல்ல. கரப்பான் வந்த குழந்தைகளில் கணிசமானவர்களுக்குப் பின்னால் இழுப்போ, ஓயாத தும்மலும் மூக்கொழுகலுமோ வருவது உண்மை. அதே சேன் லூயி மருத்துவமனையில் இருந்த எர்னஸ்ட் பெஸ்னியே என்ற டாக்டர் இதை 1892-லேயே எழுதினார். பயாப்சி என்று இன்று எல்லோரும் பயந்துகொண்டு உச்சரிக்கிற சொல்லை உண்டாக்கியவரும் அவர்தான். இந்த அரிப்பு நோயும் ஆஸ்துமாவும் தூசித் தும்மலும் ஒரே குடும்பத்தில், ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன, இது பிறவியிலேயே உள்ள உடல் வாகு என்றார். அமெரிக்காவில் கோகா, குக் என்ற இருவர் 1923-ல் இந்த உடல் வாகுக்கு அடோபி என்று பெயர் வைத்தார்கள். இடம் தவறியது, விநோதமானது என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள். 1933-ல் வைஸ், சல்ஸ்பெர்கர் என்ற டாக்டர்கள் குழந்தைக் கரப்பானுக்கு அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற பெயரைக் கொடுத்தார்கள். இன்றைக்கு மருந்துச் சீட்டில் எழுதுவது அதைத்தான்.

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். கரப்பான் உள்ளவர்கள் எல்லோருக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனாலும் நோயின் அடிப்படை விளங்கிற்று. சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி, உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியேயுள்ள தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன. அந்தத் தூசியை எதிரி என்று உடம்பு பழகிக்கொள்கிறது. பிற்பாடு அதே தூசி மூச்சில் போனால் நெஞ்சு இறுகுகிறது.

ஆக, கரப்பான் முன்னால் வருகிறது, இழுப்பு பின்னால் வருகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று. களிம்பு தடவியதால் கரப்பான் உள்ளே ஓடி இழுப்பாக மாறவில்லை. மூடாமல் விட்ட தோல்தான் ஆபத்து, மூடிய தோல் அல்ல. ஆயாவும் பழைய பிரெஞ்சு டாக்டர்களும் வரிசையைச் சரியாகப் பார்த்தார்கள், காரணத்தைத் தவறாகச் சொன்னார்கள். கம்பவுண்டர் கொடுத்த துத்தநாகக் களிம்பு ஒன்றும் செய்துவிடவில்லை. என் அம்மா குற்றமற்றவர். இதை அவர் இருக்கும்போதே சொல்லக் கூடியவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இருக்கவில்லை. அவர் 1994-ல் காலமானார். தங்கை நன்றாக இருக்கிறாள், பையில் எப்போதும் இன்ஹேலர் உண்டு.

கரப்பான் பண்டத்துக்கு வருவோம். என் மூத்த மகள் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடித்தனம் செய்தபோது அவள் குழந்தைக்கும் கரப்பான் வந்தது. அந்தக் குடியிருப்பு வரிசையில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். சுரங்கம் 1956-ல் நிறுவனமான நாளிலிருந்தே ஊர் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டுப் பாட்டியும் வந்து ஒரு பட்டியல் சொன்னார்கள். ஒருவர் கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னார். இன்னொருவருக்குக் கத்திரிக்காய் பரவாயில்லை, பலாப்பழம் ஆகாது. மூன்றாமவர் சோளத்தையும் கம்பையும் விலக்கினார். எல்லோர் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால் தாய்க்கு மிஞ்சுவது சோறும் உப்பும்தான். காரணம் உண்மையாக இருந்தால் பட்டியல் ஊருக்கு ஊர் மாறுமா? சில குழந்தைகளுக்கு முட்டையோ பசும்பாலோ உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. அதை டாக்டர் சோதித்துச் சொல்ல வேண்டும். எல்லாத் தாய்மாரையும் பட்டினி போடுவதற்கு அது ஆதாரம் ஆகாது. பால் கொடுக்கும் தாய் பொதுவாக எதையும் நிறுத்த வேண்டியதில்லை, தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது என்பதுதான் இன்றைய வைத்தியத்தின் நிலை.

மல்லாட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக மார்சேய்க்குப் போயிற்று. அங்கே எண்ணெயாகி, சோப்பாகி, பிரெஞ்சுக் குழந்தைகளைக் குளிப்பாட்டியது. இங்கே அதே மல்லாட்டை கரப்பான் பண்டம். மேல்நாட்டிலும் பிற்காலத்தில், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு வேர்க்கடலையே காட்டாதே என்று டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். லண்டனில் கிடியன் லாக் என்ற டாக்டரின் குழு இதைச் சோதித்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்கு வேர்க்கடலைப் பண்டம் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு விலக்கினார்கள். 2015-ல் முடிவு வந்தது. ஐந்து வயதில், விலக்கியவர்களில் சுமார் 17 சதவீதத்துக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் சுமார் 3 சதவீதத்துக்குத்தான். விலக்கியதே வினையாகியிருக்கிறது. உடனே பேரக் குழந்தைக்கு மல்லாட்டையை உரித்துக் கொடுத்துவிடாதீர்கள். முழுப் பருப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு எப்போது, எப்படி ஆரம்பிப்பது என்பதை டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆயாமார்கள் பயந்ததில் நியாயம் இருந்த இடமும் ஒன்று உண்டு. அது அம்மைப்பால். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் கரப்பான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போகும் பெண்கள் அந்நாளில் இருந்தார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்தது உயிருள்ள கிருமி. கரப்பான் உள்ள தோலில் அது குத்திய இடத்தோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஊரில் பெரியம்மை இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் குத்தாமல் தள்ளிவைக்க வேண்டும் என்பது மருத்துவ விதியாகவே இருந்தது. 1975-ல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை கண்டு, 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்த ஊசியே தேவையில்லாமல் போயிற்று. இப்போது குழந்தைகளுக்குப் போடும் வழக்கமான தடுப்பூசிகளைக் கரப்பானுக்காக நிறுத்த வேண்டியதில்லை. பழைய பயத்தைப் புதிய ஊசிகள் மேல் ஏற்றிவிடக் கூடாது.

களிம்புகளின் கதைக்கு வந்தால், அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் படியும் பிசுக்கைத் தொழிலாளிகள் காயத்துக்குத் தடவுவதைப் பார்த்து, செஸ்பரோ என்பவர் அதைச் சுத்தம் செய்து 1872-ல் வாசலின் என்று காப்புரிமை வாங்கினார். விலை குறைந்ததும், வாசனை இல்லாததும், ஈரத்தைக் காப்பதும் ஆன அந்தப் பொருளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. 1952-ல் மேலே சொன்ன அதே சல்ஸ்பெர்கர், விட்டன் என்பவரோடு சேர்ந்து ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பால் கரப்பான் அடங்குவதைக் காட்டினார். பத்து, பதினைந்து வருஷத்தில் அதைவிடப் பல மடங்கு வேகமான ஸ்டீராய்டு களிம்புகள் வந்தன. நம் மருந்துக் கடைகளில் அவை சீட்டே இல்லாமல் கத்திரிக்காய் மாதிரி விற்றன. படைக்கும் அதுதான், முகம் சிவக்கவும் அதுதான், குழந்தையின் கன்னத்துக்கும் அதுதான். தோல் மெலிந்து நரம்பு தெரியும் முகங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோல் டாக்டர்கள் சங்கம் வெகுநாள் சொல்லி வந்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது.

இதற்கு நேர் எதிரான பயமும் இருக்கிறது. பிரெஞ்சு டாக்டர்கள் அதற்குக் ‘கோர்த்திகோஃபோபி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டர் எழுதிக் கொடுத்த மிதமான களிம்பைக்கூடத் தொடாமல் குழந்தையைத் துடிக்க விடுவது. உள்ளே அமுக்கிவிடும் என்ற பழைய பேச்சுதான் புது உடையில் வந்திருக்கிறது. இந்தப் பயத்தில் பெயர் தெரியாத ‘மூலிகைக் களிம்பு’ வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட சிலவற்றைச் சோதித்தபோது உள்ளே கடுமையான ஸ்டீராய்டே கலந்திருந்தது தெரியவந்திருக்கிறது. லேபிள் இல்லாத டப்பாவைக் குழந்தைக்குத் தொடாதீர்கள்.

வீட்டு வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவது, பயத்தமாவால் பரபரவென்று தேய்ப்பது, குளித்தவுடன் சாம்பிராணிப் புகை காட்டுவது, புண்ணான தோலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது, இவற்றைக் கரப்பான் குழந்தைக்கு விட்டுவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிஷம் குளிப்பாட்டி, துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் டாக்டர் சொன்ன ஈரக் களிம்பையோ வாசலினையோ தாராளமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய்க்கும் நல்ல செய்தி உண்டு. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வு, காய்ச்சாமல் எடுத்த தேங்காய் எண்ணெய் சாதாரண மினரல் எண்ணெயைவிட நன்றாகக் கேட்டது என்று 2014-ல் சொன்னது. ஆனால் எண்ணெயும் களிம்பும் இருக்கிற கரப்பானைத் தணிக்குமே தவிர, வராமல் தடுக்காது. பிரிட்டனில் பிறந்த குழந்தைகள் 1,394 பேரிடம் பார்த்து 2020-ல் சொன்ன முடிவு அது. நகத்தை ஒட்ட வெட்டுவது, பழைய வேட்டித் துணியில் தைத்த மெல்லிய சட்டை போடுவது, அக்னி நட்சத்திரத்தில் வியர்வையைத் துடைத்துவிடுவது எல்லாம் ஆயா காலத்து நல்ல வழக்கங்கள்தான்.

மஞ்சள் பொருக்கோ சீழோ கண்டாலும், காய்ச்சல் வந்தாலும், கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது. உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, அந்தக் கிருமி கரப்பான் தோலில் பற்றிக்கொள்ளும். உடனே டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போகும் ஜிப்மருக்கும் ஒரு பழைய வேர் உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது அது.

கரப்பான் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரக் குறையும். அதுவரைக்கும் அந்தத் தாய்க்குத் தூக்கம் இருக்காது. ராத்திரி ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்காய் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.